பிள்ளைக்கொரு பல்லா?



என் அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். நாற்பது வயதாவதற்குள் அம்மாவின் வாயில் ஐந்து பல் போய்விட்டன. எந்தப் பல் எந்தப் பிள்ளைக்குப் போனது என்று அம்மாவிடம் ஒரு கணக்கே உண்டு. சிரித்தால் மேல்வரிசையில் இடப்பக்கம் ஓர் இடைவெளி தெரியும். அது என் கணக்கு. சின்ன வயதில் நான் வாயாடினால், “உன்னைப் பெத்ததுக்கு ஒரு பல்லையும் குடுத்தேனே, எனக்கு இதுவும் வேணும்” என்பார். பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று, “போன பல்லுக்குப் பலன் கெடைச்சிருச்சு” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்.

எங்கள் லயத்தில் அம்மா மட்டும் இப்படிப் பேசியவர் அல்லர். பால் வெட்டப் போன பெண்கள் பலர் வாயிலும் இந்தப் பேச்சு இருந்தது. பிள்ளை வேண்டுமென்றால் பல்லைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது போல, யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகக்கூட நினைவில்லை. நானும் பல வருடங்கள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு என்று சென்ற பள்ளி விடுமுறையில் தெம்பனிஸில்தான் எனக்குப் புரிந்தது.

வளைகாப்பில் வாயைப் பொத்தியவள்

எங்கள் கடைக்குட்டித் தங்கை கல்யாணமாகிச் சிங்கப்பூரில், தெம்பனிஸில் குடியிருக்கிறாள். அந்த வட்டாரமும் ஒரு காலத்தில் காடும் சதுப்பும் ரப்பர்த் தோட்டமும் மணல் தோண்டிய பள்ளங்களுமாக இருந்த இடந்தான். தெம்பினிஸ் என்ற வைரம் பாய்ந்த மரம் அங்கே நிறைய நின்றதால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. 1970களின் கடைசியில் நகரம் கட்டத் தொடங்கினார்கள். 1992-ல் உலகக் குடியிருப்பு விருது பெறும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. இன்று மின்தூக்கியில் கீழே இறங்கினால் கடை, மருந்தகம், பல் மருத்துவர் எல்லாம் காலடியில்.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டும், ஏழாம் மாதத்து வளைகாப்பன்று என் தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்கும்போது சிரிக்கவில்லை. புளிச்சாதத்தில் ஒரு வாய் எடுத்துவிட்டு இலையை மூடினாள். “வெக்கப்படுறா” என்றார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் பல்வலியை மறைக்கும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்த கண் என்னுடையது.

இரவு விருந்தினர் போன பிறகு அறைக்குள் கூப்பிட்டு, “வாயைத் திற” என்றேன். முதலில் மறுத்தாள். பிறகு திறந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஈறிலிருந்து சிவப்பாக ஒரு சதை, கடலைப் பருப்பு அளவுக்குப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் ரத்தம் கசிந்தது. மூன்று வாரமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

“அக்கா, புத்துநோயா இருக்குமோ? மாமாகிட்ட சொல்லல. புள்ள பொறந்த பொறகு பாத்துக்கலாம்னு இருந்தேன்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

விசாரித்ததில் முழுக் கதையும் வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்தே பல் துலக்கினால் ரத்தம் வந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டிருக்கிறாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், வயிற்றைப் பார்த்துவிட்டு, “பிரசவம் முடிந்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டாள். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, “ரத்தம் வர்ற எடத்துல பிரஷ் போடாத. உப்புத் தண்ணியில கொப்பளி. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து முன்பல் பக்கம் பிரஷே படாமல் பார்த்துக்கொண்டாள். கட்டி வந்ததும் அதே இடத்தில்தான்.

டாக்டர் சொன்னது

மறுநாள் காலை அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு கீழே இருந்த பல் மருத்துவரிடம் போனேன். சீனப் பெண் டாக்டர். கட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மாதம்?” என்பதுதான். ஏழு என்றோம். பயப்பட வேண்டாம் என்று சொல்லி, கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்துத் தங்கையையே பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மஞ்சளாக ஒரு படிவு இருந்தது. “பிரச்சனை இதுதான். கர்ப்பம் இதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே” என்றார்.

அந்தச் சதைக்குக் கர்ப்பக் கட்டி என்றே பெயராம். பெயரில்தான் கட்டி. புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரைக்கும் வரலாம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்கிவிடும். சாப்பிட முடியாதபடி தொந்தரவு கொடுத்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோதான் கர்ப்பத்திலேயே வெட்டி எடுப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை என்றால் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் அன்றே பல்லைச் சுத்தம் செய்தார். நாற்காலியை முழுக்கச் சாய்க்கவில்லை. வலப்பக்க இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து, உடம்பை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் படுக்கவைத்தார். மல்லாக்கப் படுத்தால் வயிற்றுப் பாரம் உள்ளே இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும் என்பதற்காக அந்த ஏற்பாடு. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தங்கை மூன்று வாரம் அழுததற்கு அது முக்கால் மணி நேர வேலை!

ஹார்மோன் என்னதான் செய்கிறது?

நான் டாக்டர் அல்ல; தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனாலும் ஒன்று புரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். உங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்ல முயல்கிறேன்.

கரு தங்கியதும் பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள் ஏறத் தொடங்குகின்றன. முதலில் சூலகமும், பிறகு நச்சுக்கொடியும் அவற்றைச் சுரக்கின்றன. கடைசி மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன், சாதாரண மாதங்களில் அது தொடும் உச்சத்தைப் போல் சுமார் 10 மடங்கும், ஈஸ்ட்ரோஜன் சுமார் 30 மடங்கும் ஆகிவிடுகின்றன. பிள்ளையைக் கருப்பையில் பத்திரமாக வைத்திருக்க இவை வேண்டும். ஆனால் இவை ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறவை. ஈறுக்கும் போகின்றன.

அங்கே மூன்று காரியம் நடக்கிறது. ஈறில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. கிருமியை எதிர்க்கும் முறை மாறிவிடுகிறது. மூன்றாவதுதான் வேடிக்கை: ஈறு ஓரத்தில் வாழும் சில கிருமிகள் இந்த ஹார்மோன்களையே தீனியாக எடுத்துக்கொண்டு பெருகுகின்றன. இதை 1980-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சரி, குற்றவாளி ஹார்மோன்தானா என்றால், அங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். மங்கில் மிஞ்சிய பால் உறைந்து ஒட்டுப்பால் ஆவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். இளசாக இருக்கும்போது துடைத்தால் போய்விடும். விட்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பல்லிலும் அப்படியே. சாப்பாட்டு மிச்சத்தில் கிருமிகள் வளர்ந்து மெல்லிய படலம் கட்டும். தினமும் துலக்கினால் போய்விடும். விட்டால் காரையாகக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு பல் டாக்டரின் கருவிதான் அதை எடுக்கும். இந்தப் படலம்தான் ஈறைப் புண்ணாக்குகிறது. ஹார்மோன் அந்தப் புண்ணை ஊதிப் பெரிதாக்குகிறது. அடுப்பில் நெருப்பே இல்லை என்றால் விசிறியால் என்ன செய்ய முடியும்?

இதைக் கண்டுபிடித்தவரும் நம் தோட்ட மக்களும்

இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் நார்வே நாட்டைச் சேர்ந்த பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஹாரல்ட் லோ. அவரும் சில்னெஸ் என்பவரும் கர்ப்பிணிகள் 121 பேரையும் பிள்ளை பெற்றவர்கள் 61 பேரையும் பரிசோதித்து, 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் கூடவோ குறையவோ ஈறு வீக்கம் இருந்தது. இரண்டாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கியது. பிள்ளை பெற்றவர்களிடம் மறுபடியும் இரண்டாம் மாதத்து நிலைக்கு வந்திருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாதம் ஏற ஏற வீக்கம் கூடிய அளவுக்குப் பல்லில் அழுக்குக் கூடவில்லை. அதே அழுக்குக்கு ஈறு காட்டிய கோபந்தான் கூடியது.

1965-ல் லோ இன்னொரு சோதனை செய்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அவர்களில் கர்ப்பிணி யாரும் இல்லை. ஆக, வீக்கத்துக்குத் துலக்காததே போதும்; துலக்குவதே அதற்கு மருந்தும் ஆகும்.

இதற்குப் பிறகு அவர் வந்த இடந்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1970-ல் லோவும் அவரது குழுவினரும் இலங்கை மலைநாட்டில் டன்சினன், ஹெரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அங்கே வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைப் பரிசோதித்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். ஏன் அந்த மக்கள்? பிரஷ் போடும் பழக்கமும் பல் மருத்துவமும் இல்லாவிட்டால் பல் என்ன கதி ஆகும் என்பதைப் பார்க்க.

1986-ல் வந்த முடிவு இது: நூற்றுக்கு 8 பேருக்கு ஈறும் எலும்பும் வேகமாகக் கரைந்து, 45 வயதுக்குள் பற்கள் எல்லாம் போயின. 81 பேருக்கு மெதுவாகக் கரைந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அது அவர்கள் உடல்வாகு. சொத்தைப் பல் அந்தத் தோட்டங்களில் மிகவும் குறைவு. பல் போனது ஈறு நோயால்தான். 2010-ல், நாற்பது வருடம் கழித்துக்கூட ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய் 75 பேரை மறுபடி பரிசோதித்திருக்கிறார்கள். உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் ஆராய்ச்சி இது.

ஆனால் சகோதரிகளே, அந்த 480 பேரும் ஆண்கள். கொழுந்து பறித்த பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பிள்ளையும் பெறாத ஆண்களுக்கே பல் போயிருக்கிறது என்றால், பல் போவது பிள்ளையாலா? என் அம்மாவின் கணக்கு உடைந்தது இந்த இடத்தில்தான்.

சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து போகிறது?

“வயித்துல இருக்கிற புள்ள தாயோட பல்லுல இருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கும்” என்று சொல்கிறார்கள். நம்மவர்கள் மட்டுமல்ல, வெள்ளைக்காரர்களும் பிள்ளைக்கொரு பல் என்று பழமொழி வைத்திருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. பிள்ளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தாய் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. கர்ப்பத்தில் குடல் அதைக் கூடுதலாகவே உறிஞ்சிக் கொடுக்கிறது. போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வளர்ந்து முடிந்த பல்லிலிருந்து எடுக்க வழி கிடையாது.

ஆகவே சத்துள்ளதைச் சாப்பிட வேண்டியது உங்கள் எலும்புக்காகவும் பிள்ளைக்காகவும். முள்ளோடு மெல்லும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, தௌஹூ, பால், தயிர் எல்லாம் நல்லது. பிள்ளையின் பால்பல் முளைகள் ஆறாவது வாரத்திலேயே உருவாகத் தொடங்கி, நாலாம் மாதத்தில் கெட்டிப்பட ஆரம்பிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாந்தியும் புளிப்பும்

கர்ப்பத்தில் பல்லுக்கு நிஜமாகவே கெடுதல் வரும் வழி வேறு உண்டு. மசக்கையில் வாந்தி வரும்போது வயிற்றுப் புளிப்பு பல்லின் மேல்பூச்சை இளக்கிவிடும். வாய் நாறுகிறதே என்று உடனே பிரஷ் எடுத்துத் தேய்த்தால் இளகிய பூச்சும் சேர்ந்து தேயும். அதனால் முதலில் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து கொப்பளித்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

மாங்காய், அசாம்பொய், புளிப்பு மிட்டாய் என்று ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளாமல், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிட்டால் பல் பிழைக்கும். வெற்றிலை பாக்கை மட்டும் தொடவே வேண்டாம். பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது உறுதியான விஷயம். கர்ப்பத்தில் போட்டால் பிள்ளையின் எடையும் குறையக்கூடும்.

கர்ப்பத்தில் பல் டாக்டரிடம் போகலாமா?

கட்டாயம் போகலாம். நாலு, ஐந்து, ஆறாம் மாதங்கள் வசதியானவை. மசக்கை தணிந்திருக்கும்; வயிறும் அவ்வளவு பாரமாக இருக்காது. ஆனால் வலியோ வீக்கமோ இருந்தால் மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பல்லைச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, வேண்டுமானால் பிடுங்குவது எல்லாம் செய்யலாம். மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசியால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அவசியமானால் பல்லுக்கு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். அதன் கதிர் மிகக் குறைவு, வயிற்றை நோக்கிப் போவதும் இல்லை.

மருந்து விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை, முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்கு மேல், கடையில் வாங்கி நீங்களாக விழுங்காதீர்கள். டெட்ராசைக்ளின் என்ற மருந்து பிள்ளையின் பல்லில் கறை ஏற்றிவிடும். அது கூடவே கூடாது. வீட்டில் யாரோ சாப்பிட்டு மிஞ்சிய மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கர்ப்பிணிக்கு அது வேண்டாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈறு நோய் முற்றிய தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் காணப்படுகிறது என்று 1996-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வந்தது. அதிலிருந்து பலர், ஈறைக் கவனிக்காவிட்டால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். அதே நாட்டில் 823 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. கர்ப்பத்தில் ஈறுக்கு வைத்தியம் செய்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆனால் ஈறு நன்றாக ஆறியது. வைத்தியத்தால் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதலும் வரவில்லை. ஆகவே பயந்துகொண்டு போக வேண்டாம். உங்கள் பல் உங்களுக்கு வேண்டும் என்பதற்காகப் போங்கள். அந்த ஒரு காரணம் போதாதா?

தினசரி செய்ய வேண்டியவை

1. காலையிலும் படுக்கப் போகுமுன்பும், மெல்லிய நார் பிரஷால், ஃபுளோரைடு உள்ள பற்பசையில் துலக்குங்கள். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்துக்குத்தான் பிரஷ் அதிகம் தேவை. அழுத்தாமல், ஈறு ஓரத்தைத் தடவிக்கொடுப்பது போல் துலக்குங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

2. கரியும் செங்கல் தூளும் வேண்டாம். அவை பல்லைத் தேய்க்கும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது வலிக்கு இதம். ஆனால் அது பிரஷ் செய்யும் வேலையைச் செய்யாது.

3. கர்ப்பப் பதிவுக்குப் போகும் அன்றே பல்லையும் காட்டக் கேளுங்கள். மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தைக் காட்டிப் பல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்கள் பலவற்றில் பல் பிரிவு உண்டு. சாஸ் அட்டை உள்ளவர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மருத்துவரிடமே அதைச் செலுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். “பிரசவம் முடிந்து வா” என்று யாராவது சொன்னால், அடுத்த இடத்துக்குப் போங்கள்.

4. முகம் வீங்குதல், காய்ச்சல், சீழ், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. பிள்ளை பெற்ற பிறகு பச்சைத் தண்ணீர் ஆகாதென்று வீட்டில் சொன்னால் வாதாட வேண்டாம். வெந்நீரை ஆறவைத்துத் துலக்குங்கள். பத்தியம் சாப்பாட்டுக்குத்தான்; பிரஷுக்குப் பத்தியம் கிடையாது.

கணக்கு முடிந்தது

தங்கைக்குக் கேகே மருத்துவமனையில் சுகப்பிரசவம். பெண் பிள்ளை. தேக்காவுக்குப் பக்கத்தில், கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர்பெற்ற வட்டாரத்தில் 1924-லிருந்து பிரசவம் பார்த்த மருத்துவமனை அது. 1997-ல் புதிய கட்டடத்துக்கு மாறியது. 1966-ல் மட்டும் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்த எண்ணைப் படித்தபோது நான் பிள்ளைகளை நினைக்கவில்லை. அத்தனை தாய்மாரை நினைத்தேன். எத்தனை பேர் ஈறில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்தால் சரியாகும் என்று வாயைக் கழுவித் துப்பியிருப்பார்கள்!

தங்கையின் கட்டி ஆறாவது வாரத்தில் கடுகளவாகி, மூன்றாம் மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போனது. பிள்ளைக்கு மொட்டையடித்த அன்று எடுத்த படத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள்.

அன்று சாயங்காலம் பேத்தியைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், நான் படித்ததையெல்லாம் சொன்னேன். டன்சினன் தோட்டத்து ஆண்களைப் பற்றியும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்போ, அஞ்சு பல்லும் உங்களால போகலையா?” என்றார்.

“இல்லம்மா. அழுக்குத் தங்கித்தான் போயிருக்கு.”

“டிரஸரு கொறட்டை எடுத்துட்டு வருவாரு. புள்ளத்தாச்சிக்கு இப்படித்தான்னு சொல்லிப் புடுங்குவாரு. அதுக்கு முன்னாடி ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ‘தொலக்கிக்கிட்டே இரும்மா’ன்னு சொல்லியிருந்தா இருந்திருக்கும்ல?”

இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே, “சும்மா ஒங்கள சொல்லிட்டேன், பாவம்” என்றார்.

அம்மாவுக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. உங்கள் லயத்திலோ, உங்கள் மாடியிலோ, வேலையிடத்திலோ வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இருப்பாள். அவளுக்கு அந்த ஓர் ஆளாக நீங்கள் இருங்கள். “ரத்தம் வந்தாலும் துலக்கு. நாளைக்கே போய்ப் பல்லைக் காட்டு. நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.